சவ ஊர்வலத்தை முந்தாத வேன்

மாலக்கி டூஹி எட்டு அமெரிக்கர்களைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுக் குடிக்கப் போய்விட்டானாம். அயர்லாந்தின் லிஸ்டூன்வார்னா ஊர் முழுக்க இதே பேச்சு. அவன் மனைவி நோரீன் முடிவெட்டும் கடையில் கேட்டு வந்தாள். வெட்டியவளுக்கு அவளுடைய நாத்தனார் சொன்னாளாம். நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்பது தலைகாய வைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் போய்விட்டது.

"எட்டு இல்ல, ஏழு," என்றான் மாலக்கி. "அதோட, குடிக்கப் போறப்ப அவங்களையும் கூட்டிட்டுத்தான் போனேன்."

முன்பு பால் லாரி ஓட்டியவன் அவன். கிளேர் மாவட்டத்தில் எந்தச் சந்து எந்த மாட்டுக் கொட்டகையில் போய் முடியும் என்று தெரியும். பால் பண்ணை மூடியபின் எனிஸ் ஊர்க் கம்பெனி ஒன்றின் சுற்றுலா வேனுக்கு வந்தான். கில்ஃபெனோராவின் கற்சிலுவைகள், பாறைவெளி நடுவே நிற்கும் ஆதிகாலக் கல்லறை, கார்க்கம்ரோ மடம், கடைசியில் மோஹர் கடற்பாறைகள். இதுதான் அவன் பாதை. எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் வணக்கம் சொல்லும் ஊர் வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான். அவனுக்கு ஏதோ நரம்புக் கோளாறு என்று பயணிகள் நினைத்துக்கொள்வார்கள். இடிந்த சுவர் எதைக் கண்டாலும், என்றோ படையெடுத்து வந்த ஆங்கிலத் தளபதி கிராம்வெல் இடித்தது என்பான், போன வருஷப் புயலில் விழுந்ததாக இருந்தாலும்.

செவ்வாய்க்கிழமை மடத்துக்குத் திரும்பும் குறுகலான சாலையில், முன்னால் ஒரு சவ வண்டி ஊர்ந்து போனது. பின்னால் ஊரே நடந்தது. அந்தப் பக்கத்தில் சவ ஊர்வலத்தை யாரும் முந்துவதில்லை. பிரசவ வலியெடுத்தவளை ஏற்றிய காரும் யோசிக்கும். மாலக்கி ஓரமாக நிறுத்திக் காத்திருக்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருப்பது பார்ட்லி நெஸ்டர் என்று தெரிந்ததும் கால் தானாக இறங்கிவிட்டது. வருஷக்கணக்காகப் பால் எடுத்த வீடு. வளைவு வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன், திரும்பிப் பார்த்தால் ஏழு பேரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் வருகிறார்கள். இதுவும் சுற்றுலாவில் ஒரு அங்கம் என்று எண்ணிவிட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் வரிசையில் நின்று குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார்கள். ஓஹையோவிலிருந்து வந்திருந்த டாரிஸ் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பார்ட்லியின் தங்கை கேட்டாள்: "நீங்க எந்தப் பக்கத்துச் சொந்தம்?"

"வேன் பக்கம்," என்றாள் டாரிஸ்.

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அத்தனை பேரையும் சூப்புக்கும் சாண்ட்விச்சுக்கும் மதுக்கடைக்கு இழுத்துப் போனாள். பாட்டு தொடங்கியது. மோஹர் கடற்பாறைகளைப் பார்க்க நேரமில்லாமல் போயிற்று.

ஆறு பேருக்குக் கொண்டாட்டம். கெஸ்லர் என்ற ஒருவருக்கு மட்டும் ஆகவில்லை. கடல் பார்க்க வந்தேன், பிணம் பார்க்க வரவில்லை என்று ஆபீசில் கத்தியிருக்கிறார். மேலாளர் சோர்ச்சா மாலக்கியிடம் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. இனி எந்த ஊர்வலத்துக்கும் நிற்கமாட்டேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதை வேறு ஆளுக்கு என்று முடித்துக்கொண்டாள்.

இன்றுதான் வெள்ளி.

"ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்," என்றாள் நோரீன். "தினமும் வாய் கூசாம புளுகுறவன்தானே நீ."

"அது கிராம்வெல் பத்தி. அந்தாளு வந்து கேக்கப் போறதில்ல."

"சோர்ச்சா கேப்பா."

"நான் எல்லாரையும் முந்திட்டுப் போயிட்டா, நாளைக்கு நம்ம வீட்டுப் பெட்டிக்குப் பின்னால யாரு நடப்பா? கெஸ்லரா?"

நோரீன் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினாள். அடக்கப் பூசை முடிந்து ஊர்வலம் கிளம்ப எப்படியும் மதியமாகிவிடுமே என்றாள். மாலக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். காலையிலேயே கடலுக்குப் போய்விட்டால்? பாதையைத் தலைகீழாக ஓட்டினால் பாறைகள் முதலில் முடிந்துவிடும். அதன்பின் வழியில் யார் செத்திருந்தாலும் நிற்கலாம்.

"யாரு செத்தாலும்னு மட்டும் அவகிட்ட சொல்லாத," என்றாள் நோரீன்.

அவனே ஆபீசுக்குப் போன் போட்டான். நிற்பேன், ஆனால் பாறைகளைக் காட்டிவிட்டுத்தான் நிற்பேன் என்பதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி போனைக் காதில் அழுத்திக்கொண்டான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.