இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை

அறுபத்தாறாம் வருஷம், நான் செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராக இருந்தேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கோட்டைக்குப் போகும் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில் ஓட்டு வீடு ஒன்றில் தனியாகக் குடியிருந்தேன். வயது முப்பது. கல்யாணம் ஆகவில்லை, அதற்காக நான் அழுதுகொண்டும் இல்லை. மூக்கு நுனியில் கோபம் உண்டு. டீச்சர் என்றால் நாலு பேரிடமிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பும் உண்டு.

மூன்று வருஷமாக அந்தத் தெருவில் இருந்தும் யாரோடும் ஒட்டவில்லை. குழாயடியில் பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்து நிற்பேன். எதிர் வீட்டம்மா மட்டும் விடமாட்டார். மண்டிக்கு மல்லாட்டை உடைக்கப் போகிறவர். நிலக்கடலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பேர். தினமும் சாயங்காலம் "இன்னா டீச்சர், சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். நான் "ஆச்சு" என்பேன். மூன்று வருஷத்தில் அவரோடு நான் பேசியதை எழுதினால் ஒரு போஸ்ட் கார்டில் இடம் மிச்சமிருக்கும்.

அந்த வருஷம் எங்கள் பிஷப்பின் மேற்றிராசனத்துக் கத்தோலிக்கர்களில் இருபத்தாறு பேரைச் சேர்த்து, இயேசுநாதர் பிறந்து வளர்ந்த புண்ணிய பூமிக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தார்கள். ரோமாபுரியில் படித்த ஒரு சாமியார்தான் வழிகாட்டி. பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை அப்போது ஜோர்டான் நாட்டில் இருந்தன. யோர்தான் ஆறு எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். அந்தப் பேரில் ஒரு நாடு இருப்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அங்கே போய் வந்த ஆள் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எனக்குப் பக்தியும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. சாக்கடலில் ஆள் மூழ்க மாட்டான், மிதப்பான் என்று வருஷா வருஷம் குச்சியால் படத்தைக் காட்டிப் பாடம் நடத்துவேன். ஒருநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "நீங்க பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். மெட்ராஸைத் தாண்டாத நான் அவளை உட்காரச் சொல்லி அதட்டிவிட்டேன். அன்று ராத்திரி வரை எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. யாத்திரை என்று கேள்விப்பட்டதும் அம்மாவின் சங்கிலியை விற்றுப் பேர் கொடுத்தேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை திண்டிவனத்தில் கூட்டம் நடக்கும். சாமியார் படம் வரைந்து காட்டுவார். ஜெருசலேம் ஊரையே கம்பிவேலி போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், குழுவை விட்டு ஒரு அடி விலகக் கூடாது என்பார். காலரா ஊசி போட வேண்டும். பாலைவனத்தில் பகல் வெயில் எப்படியோ, ராத்திரி குளிருமாம், கம்பளிச் சட்டை வேண்டும். மலையும் கல்லுமாக நடக்க வேண்டியிருப்பதால் கான்வாஸ் ஷூ போட்டு இப்போதிருந்தே பழக வேண்டும். வழி தவறிவிட்டால் கேட்பதற்கு நாலு அரபு வார்த்தைகளையும் எழுதிக் கொடுத்தார்.

இதையெல்லாம் நான் தெருவில் மூச்சுவிடவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம் ஒன்று. ஆளுக்கொரு சாமான் வாங்கிவரச் சொல்வார்களே என்ற கஞ்சத்தனம் இன்னொன்று. தலைமை ஆசிரியைக்கு மட்டும் தெரியும். சேலைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சம், அதனால் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்திலேயே தொம் தொம் என்று நடப்பேன். சித்திரை வெயிலில் வியர்க்க வியர்க்கக் கம்பளிச் சட்டை பின்னினேன். அரபு வார்த்தைகளைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தேன். இருட்டுகிற நேரம் பார்த்து ஒரு புது டிரங்குப் பெட்டியை வண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாகவும் இருந்தேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு இரண்டு மாதம் கழித்து ஒரு சர்க்கார் கவர் வந்தது. போலீஸ் விசாரணையில், இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் வசிக்கவில்லை என்று தெரிய வந்ததாம், அதனால் மேற்கொண்டு நடவடிக்கை இல்லையாம். நான் வசிக்கவில்லை என்கிற கடிதத்தை, நான் வசிக்கிற வீட்டில், என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார் தபால்காரர். இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

சாமியாரிடம் ஓடினேன். பத்து நாளில் பாஸ்போர்ட்டுக்கு வழி பிறக்கவில்லை என்றால், காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு என் இடத்தைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். மறுநாளே பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து என்று எல்லோரும் போயிருந்தார்கள். எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மட்டும் இருந்தார். பொறுமையான மனிதர். ரிப்போர்ட்டை எடுத்து வாசித்தார்.

மூன்று இடத்தில் விசாரித்திருக்கிறார்கள். முனையில் இருந்த சோடாக் கடைக்காரர், அப்படி ஒரு டீச்சரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றிருக்கிறார். பக்கத்து வீட்டில், இந்தத் தெருவில் டீச்சரே கிடையாது என்றிருக்கிறார்கள். எதிர் வீட்டம்மா ஒருபடி மேலே போய், அந்த வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

"ஸ்கூல்ல இருந்து லெட்டர் வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"அது நீங்க வேலை பாக்குறதுக்குத்தாம்மா சாட்சி. வீட்டுக்கு அக்கம்பக்கத்துக்காரங்கதான் சொல்லணும். இல்லேன்னு சொன்னவங்களே வந்து மாத்திச் சொன்னா, நான் வேற ரிப்போர்ட் எழுதி அனுப்புறேன். ஆனா, விசாரணைக்கு வந்தவன்கிட்ட பொய் சொன்னதுக்கு அவங்க பதில் சொல்லணும். அதையும் சொல்லிக் கூட்டிக்கினு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். என்ன பாவம் செய்தேன் இவர்களுக்கு? ஒதுங்கி இருந்தது ஒரு குற்றமா? எப்படியோ மோப்பம் பிடித்து, பொறாமையில் கூடிப் பேசிக் கெடுத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன். குழாயடியில் அத்தனை பேரும் இருந்தார்கள். நேரே போய் எதிர் வீட்டம்மாவின் முன்னால் நின்றேன். வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. நான் வெளிநாடு போவது உங்களுக்குப் பொறுக்கவில்லையா, மூன்று வருஷமாக எதிரில் இருக்கிறவளை இல்லை என்று சொல்ல நாக்கு எப்படி வந்தது என்று என்னென்னவோ கேட்டேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்தார். முகத்தில் கோபமில்லை, திகைப்புத்தான் இருந்தது.

"வெளிநாடா? பாஸ்போட்டுக்கா வந்தான் அந்த ஆளு?"

"வேற எதுக்கு?"

"காக்கிச் சட்ட போட்டவன் வந்து ஒரு பொம்பள பேரச் சொல்லிக் கேட்டா நாங்க இன்னான்னு நெனைக்கிறது டீச்சர்? போட்டோ புடிச்சீங்க. இருட்டுல பொட்டி வந்து எறங்குது. கதவச் சாத்திக்கினு உள்ள நடக்குறீங்க, யார்கூடயோ பேசுறீங்க, ஒரு எழவும் புரியல. சரி, டீச்சரு மனசுக்குப் புடிச்சவரு யாரோ இருக்குறாரு, வூட்ல ஒத்துக்கல, ஊர்லேர்ந்து கம்ப்ளைண்டு குடுத்துட்டாங்கன்னு நெனச்சிட்டோம். நீங்க நல்லபடியா கெளம்புற வரைக்கும் யாரும் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு தெருவே பேசி வெச்சிருந்துது."

ஓடிப்போக இருக்கும் டீச்சர் என்று நினைத்து, அந்தத் தெரு முழுக்க என்னைப் பொத்திப் பாதுகாத்திருக்கிறது. அந்த அம்மா அதோடு விடவில்லை. கல்யாணமான புதிதில், வேறொரு ஊரில், சாராய ரெய்டுக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் அவரிடம் "உன் வீட்டுக்காரன் எங்கே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாராம். இவரும் கள்ளம் கபடம் இல்லாமல், கழனியில் இருக்கிறார் என்று கை காட்டிவிட்டாராம். பிடித்துக்கொண்டு போன கணவர் ஜெயிலிலிருந்து திரும்பி வர எட்டு மாதம் ஆனது.

"நானே புடிச்சிக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சி. அன்னிலேர்ந்து நம்ம ஆளு யாரக் கேட்டாலும் எனக்கு ஒரே பதிலுதான். தெரியாது, பாக்கல, இல்ல" என்றார்.

நம்ம ஆள் என்று அவர் சொன்னது என்னையும் சேர்த்துத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ரைட்டர் சொன்னதை, பொய் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் மறைக்காமல், தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். என்னோடு வாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஸ்டேஷன் என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறி நடக்கிறவரை எந்த முகத்தோடு கூப்பிடுவது? போனது போகட்டும், ஜோர்டானும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், தெருவில் பதினோரு பேர் நிற்கிறார்கள். சோடாக் கடைக்காரர் சட்டை போட்டு நான் அன்றுதான் பார்த்தேன். எதிர் வீட்டம்மா மண்டி வேலைக்குப் போகாமல் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றார். "வாங்க டீச்சர், வெயில் ஏறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்" என்றார், ஏதோ சந்தைக்குக் கூப்பிடுகிற மாதிரி.

ஸ்டேஷன் வாசலில் அவர் கால் நின்றுவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். திரும்பிப் போய்விடலாம் என்று சொன்னேன். அவர் காதில் வாங்காமல் படியேறினார்.

"நான்தாங்க பொய் சொன்னது. இவங்க மூணு வருசமா எதிர் வூட்லதான் இருக்குறாங்க" என்றார் ரைட்டரிடம்.

"பொய் சொன்னதுக்கு உள்ள வெக்கலாம், தெரியுமா?"

"வெச்சிக்குங்க. அவங்கள மட்டும் ஊருக்கு அனுப்பிடுங்க."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, இந்த டீச்சர் அங்கேதான் இருக்கிறார் என்று உனக்கு எப்படித் தெரியும், சொல் என்றார். அந்த அம்மா ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன், பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது எப்படி எனக்குள்ளேயே திட்டிக்கொள்வேன், ஒற்றைத் தலைவலி வந்தால் எந்த ஜன்னலைச் சாத்துவேன், போன மாதம் ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தபோது எத்தனை நாள் விளக்கேற்றாமல் கிடந்தேன், கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று அவர் எத்தனை தடவை தெருவைத் தாண்டி வந்து திரும்பிப் போனார்... மற்றவர்கள் நடுநடுவே எடுத்துக் கொடுத்தார்கள். என்னை யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மூன்று வருஷமும் அங்கே வரிசையாக வந்து விழுந்தது.

ரைட்டர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். பிறகு சாதாரணமாக என் பக்கம் திரும்பி, "சரிம்மா, இவங்க பேரு இன்னா?" என்றார்.

வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. மறந்துபோனதென்றால் பரவாயில்லை, தெரியவே தெரியாது. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. பதினோரு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"டீச்சரு என்ன அக்கான்னுதாங்க கூப்புடுவாங்க" என்றார் அந்த அம்மா சட்டென்று. "மூத்தவங்கள பேரச் சொல்ற பழக்கம் அவங்களுக்குக் கெடையாது." சொல்லிவிட்டுத் தன் பேரைத் தானே சொன்னார்.

அக்கா என்று நான் அவரை ஒருதரம்கூடக் கூப்பிட்டதில்லை. பொய்யை மாற்றிச் சொல்ல வந்த இடத்திலேயே, ரைட்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எனக்காக இன்னொரு பொய் சொன்னார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். ரைட்டர், பாஸ்போர்ட் கிடைக்கப் போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். எச்சரித்துவிட்டு, எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார். புது ரிப்போர்ட் அன்றைய தபாலிலேயே போகிறது என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டுச் சாமியார் என் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் வந்தது. கடைசிக் கூட்டத்தில் சாமியார் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். வழியில் ஏதாவது ஆபத்து என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று அதில் நிரப்ப வேண்டும். தூத்துக்குடியில் எனக்குச் சித்தப்பா இருந்தார். ஆனால் நான் எதிர் வீட்டுப் பேரையும் விலாசத்தையும் எழுதி, உறவு என்ற இடத்தில் அக்கா என்று போட்டேன். அந்த ஒரு பொய்யையாவது நிஜமாக்கிவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

போய் வந்தேன். நல்லபடியாகவே போய் வந்தேன். அதற்குப் பிறகு வேலை மாற்றலாகி எத்தனையோ ஊரில் குடியிருந்துவிட்டேன். எந்தத் தெருவுக்குப் போனாலும், புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் எதிர் வீட்டுக்குப் போய்ப் பேரைக் கேட்டுவிடுகிறேன். ஒரு மாதிரியான டீச்சர் போலிருக்கிறது என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், எனக்காகப் பயத்தை விழுங்கிக்கொண்டு படியேறி வந்த மனுஷியின் பேர் தெரியாமல் நின்றேனே, அப்படி இன்னொரு தரம் என்னால் நிற்க முடியாது.