பின் தெருவில் கட்டிய கால் கழுவும் அறை

1. இடத்தை அளந்த நாள்

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கொத்துக்கரண்டி பிடித்தவன். பாலக்கரையிலிருந்து சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வேலைக்குப் போவேன். மேஸ்திரி என்று தனியாக ஒப்புக்கொண்ட முதல் வேலை ஒரு மாளிகை இல்லை, மூன்றரை அடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள ஒரு இடுக்கு. ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது.

உத்திர வீதியில் சேஷாத்ரி சாமி என்று ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருந்தார். வாசல் ஒரு வீதியில், கொல்லை பின் தெருவில். ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும் வீடு. கொல்லைக் கோடியில், கிணற்றுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே விறகு அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினார்.

அவருடைய ஒரே மகள் கோமளம். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர். அப்பா பிடிவாதமாக நர்ஸ் படிக்க வைத்தார். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் வாசம். மகள் வீட்டோடு வந்து இருக்க வேண்டும், வேலையும் போகக் கூடாது, இதுதான் அவர் ஆசை. வீட்டு அம்மாவுக்கு அது ஆகவில்லை. பிரசவம் பார்த்த கையும் பிணம் தொட்ட புடவையுமாக வந்து நின்றால் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற வீடு என்னத்துக்கு ஆகும் என்பார்.

சண்டைக்கு முடிவாகத்தான் இந்த அறை. மகள் பின் தெரு வழியாக வர வேண்டும். செருப்பையும் ஆஸ்பத்திரி உடுப்பையும் இங்கேயே விட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, மடிப்புடவை கட்டிக்கொண்டு கொல்லைக்குள் வர வேண்டும்.

"கோயிலுக்கு ஏழு மதில் இருக்கு அந்தோணி, என் ஆத்துக்கு எட்டாவது மதில் நீ கட்டறே" என்று சாமி சிரித்தார்.

2. வேலை

சின்ன இடத்தில் கட்டுவதுதான் கஷ்டம். பெரிய இடத்தில் ஒரு அங்குலம் தப்பினால் யாருக்கும் தெரியாது.

தரைக்குக் கடப்பைக்கல் போட்டேன். ரசமட்டம் வைத்து, வாட்டம் முழுக்கப் பின் தெருச் சாக்கடையைப் பார்த்து விட்டேன். அழுக்குத் தண்ணீர் கொல்லைப் பக்கம் ஒரு சொட்டு வரக் கூடாது. தெருக் கதவை ஒட்டிச் செருப்புக்கு ஒரு பள்ளம், உடுப்பு மாட்ட முளை. எதிர்க்கோடியில் மடிப்புடவைக்கு உயரமாக ஒரு மூங்கில், எடுக்க ஒரு குச்சி. இந்தப் புடவை அந்த உடுப்பின் மேல் படக் கூடாதே, அதனால் நடுவில் இடுப்பளவு முட்டுச்சுவர்.

கோமளத்தம்மா குளிப்பதற்கு முன்னால் கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது. அப்புறம் தண்ணீருக்கு என்ன வழி? அம்மாவும் சாமியும் ஒரு பகல் முழுக்க இதைப் பேசினார்கள். கடைசியில் கிணற்றுச் சுவரில் துளை போட்டு ஒரு கல் பீலி வைத்தேன். கொல்லைப் பக்கமிருந்து இறைத்து ஊற்றினால் அறைக்குள் இருக்கும் தொட்டியில் போய் விழும். இறைக்கிற வேலையைச் சாமி ஏற்றுக்கொண்டார்.

கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். இரண்டு பக்கமிருந்தும் திறக்கிற மாதிரி வைக்கலாம் என்றார் சாமி. அம்மா ஒப்பவில்லை.

"கொல்லைப் பக்கம் மட்டும் வை. அவ தீர்த்தமாடினாளான்னு பார்த்துட்டுத்தான் திறக்கணும். பாத்திரம் பண்டமெல்லாம் வெளியில கிடக்கு, திருடன் வேற வருவான்."

"இந்த ஆத்துல திருடறதுக்கு நான்தான் இருக்கேன்" என்றார் சாமி. பிறகு என்னைப் பார்த்து, "அவ சொல்றாப்பலயே வைப்பா. திறக்கத்தான் நான் இருக்கேனே" என்றார்.

அப்படியே வைத்தேன். கொல்லைப் பக்கம் தாழ்ப்பாள் வைப்பது ஊர் வழக்கம்தான்.

அறை முடிந்ததும் கோமளத்தம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு அந்தப் பக்கம் அடிக்கடி வேலை இருக்கும். போகும்போது சாமி தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் பின் தெருவில் கேட்கும். மகள் பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரத்துக்குக் கதவருகே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாராம். கதவைத் தட்டவே வேண்டியதில்லை, செருப்புச் சத்தத்திலேயே எழுந்துவிடுவார் என்று கோமளத்தம்மா சொல்லியிருக்கிறார். அம்மாவும் மெல்ல மெல்ல முகம் கொடுத்தார். மகளுக்குக் கூடத்திலேயே இலை போட்டார்.

3. அந்தச் சாயங்காலம்

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். ஒரு நாள் பக்கத்து வீதியில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன். சேஷாத்ரி சாமி காலையில் மார்வலி என்றவர், மத்தியானம் தவறிவிட்டார் என்று சொன்னார்கள். கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். எதிர்ச் சாரியில் நின்றேன்.

ஆஸ்பத்திரிக்கு ஆள் போயிருந்தது. கோமளத்தம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்ததால் சேதி உள்ளே போக நேரமாகிவிட்டது. வாசலில் பாடையைக் கட்டி வைத்துவிட்டு எல்லோரும் வீதிமுனையைப் பார்த்தபடி இருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று காரியம் செய்து வைப்பவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா மட்டும், "கோமளம் வந்துடட்டும், கோமளம் வந்துடட்டும்" என்று அதையே சொன்னார். ஒரு கட்டத்துக்கு மேல் பெரியவர்கள் கேட்கவில்லை. தூக்கிவிட்டார்கள். கொள்ளிடக்கரைப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

வாசலில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது வீதிமுனையில் கோமளத்தம்மா வந்தார். ஓடி வந்தார். தலை சொட்டச் சொட்ட ஈரம், உடம்பில் மடிப்புடவை. கழுவிய வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதற்கு மேல் ஓடவில்லை. பெண்கள் பின்னால் போகிற வழக்கம் இல்லை.

சாவு நடந்த வீட்டுக்குள் யாரும் குளித்துவிட்டு வர வேண்டியதில்லை. எல்லோரும் அப்புறம்தான் குளிப்பார்கள். அது கோமளத்தம்மாவுக்குத் தெரியாததா? பக்கத்தில் நின்ற ஒரு மாமி அதைக் கேட்டே விட்டார். கோமளத்தம்மா இந்தப் பக்கம் திரும்பினார். எதிரே நின்ற என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பஸ்ஸை விட்டு இறங்கினதும் கால் தானா பின் தெருவுக்குப் போயிடுத்து மேஸ்திரி. தொட்டி ரொம்பி இருந்தது. அப்பா காலம்பறவே ரொப்பி வெச்சிருக்கார். அதைப் பார்த்ததும் ஆள் சொன்னது பொய்யின்னு தோணிடுத்து. எப்பவும் போலக் குளிச்சேன். அப்புறம் கதவைத் தட்டினேன், தட்டிண்டே இருந்தேன்."

அவ்வளவு நீள வீட்டின் கோடியில் தட்டினால், வாசலில் அழுகிறவர்களுக்கு எப்படிக் கேட்கும்? ஒருவரும் திறக்காததால் பின் தெருவைச் சுற்றி, வீதியைச் சுற்றி ஓடி வந்திருக்கிறார்.

அம்மா உள்ளேயிருந்து வந்து மகளின் ஈரத்தலையைப் பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

4. கதவு

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா எனக்குச் சொல்லி அனுப்பினார். கோமளத்தம்மா ஹாஸ்டலுக்கே திரும்பிப் போயிருந்தார்.

"அந்தக் கொல்லைக் கதவைக் கழட்டிடு அந்தோணி."

இரண்டு பக்கமிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் வைத்துத் தருகிறேன் அம்மா என்றேன்.

"கதவே வேண்டாம்னேன்."

"திருடன் வருவானேம்மா."

"வரட்டும். யாராவது வரட்டும்."

நிலையை விட்டுவிட்டுக் கதவை மட்டும் கழற்றிச் சுவரோரம் சாய்த்தேன். கிளம்பும்போது, புத்தூர்ப் பக்கம் போனால் கதவை எடுத்தாச்சு என்று அவளிடம் சொல்லு என்றார். அவர் யாரிடமும் ஒரு உதவி கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறுநாள் போனேன். கோமளத்தம்மா வராந்தாவுக்கு வந்தார். சொன்னேன். "அம்மா சாப்பிடறாளா?" என்று கேட்டார். சாப்பிடுகிறார் என்றேன். எனக்கு அது தெரியாது, ஆனாலும் சொன்னேன். "டியூட்டி இருக்கு மேஸ்திரி" என்று உள்ளே போய்விட்டார்.

பிறகு எப்போதாவது லீவு நாளில் வீட்டுக்கு வந்தார். வாசல் வழியாக வந்து, கூடத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, விளக்கு வைக்கும் முன் பஸ் ஏறிவிடுவார். வீட்டோடு இருக்க வரவே இல்லை. அம்மா போகிறவரை அப்படித்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்களும் இப்போது வீடு கட்டிக் கொடுக்கிறீர்கள். செருப்பு விட, கால் கழுவ, உடுப்பு மாற்ற உள்வாசலில் ஒரு சின்ன இடம் வேண்டும் என்று இன்றைக்கும் கேட்பார்கள். வாட்டமும் பள்ளமும் நன்றாக வந்துவிடும், அது கை வேலை. நான் ஒன்று கூடுதலாகச் செய்வேன். கதவு மாட்டி முடிந்ததும் வெளியே போய் நின்று, உள்ளே தாழ்ப்பாள் போடச் சொல்லி, கையால் தட்டுவேன். வீட்டின் கடைசி அறையில் ஒருவரை நிறுத்தி, தட்டுவது காதில் விழுகிறதா என்று கவனிக்கச் சொல்வேன். விழவில்லை என்றால் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி மாற்றுவேன். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நீங்கள் தட்டிப் பாருங்கள்.