கல்யாணத்து ராக்காயி நெட்டுக்குப் போன கதை

ராக்காயி அத்தை உட்கார்ந்து ஒரு தேத்தண்ணியை முழுசாகக் குடித்ததை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருவரும் பார்த்ததில்லை. வாசலில் நின்றபடியே இரண்டு மிடறு, "வாரேன்டி, பஸ் போயிரும்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். காலில் சக்கரம் கட்டிய பிறவி. காலையில் டயகமவில் எங்கள் வாசலில் நிற்பாள், மத்தியானம் பூண்டுலோயாவில் கேட்டால் இப்போதுதான் போனாள் என்பார்கள். அவளுக்காகக் காத்திருக்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். எனக்கும் பாதி பிடித்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தோள் பையில் கண்ணாடி வளையல் வைத்திருப்பாள். வளையல் விற்பது சும்மா பேச்சுக்கு. கல்யாணம் பேசி முடிப்பதுதான் அவள் தொழில். பையோடு வந்தால் எந்த வீட்டுக்கு எதற்காக வந்தாள் என்று யாருக்கும் தெரியாது பாருங்கள், அதற்குத்தான் வளையல். பெண்ணைக் காட்டுவதிலும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரை முதலில் லயத்துக்குக் கூட்டி வரவே மாட்டாள். கோயில் திருவிழாவிலோ, டவுன் கடையிலோ, பஸ்ஸிலோ தூரத்தில் நின்று பார்க்க வைப்பாள். பெண்ணுக்குத் தெரியாது. பெண்ணின் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பிடித்திருந்தால் மட்டும் தாம்பாளத்தோடு வீட்டுக்கு வருவார்கள். பிடிக்கவில்லையா, அந்தப் பேச்சு அத்தையின் வயிற்றோடு போய்விடும்.

ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன். அத்தை பூண்டுலோயாவில் பிறந்தவள், மாறுகண். அவள் குமரியாக இருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடு நேராக லயத்துக்கு வந்து, வடை தின்று, போகும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அடுத்து வந்தவர்களும் அப்படியே. மூன்றாவது கூட்டம் வந்தபோது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க வாசலில் கூடிவிட்டார்கள்.

"அதோட போதும்னுட்டேன்டி" என்றாள். "வேணாம்னா வேணாம், அதுக்கு ஏன் மேளம் அடிக்கிறாங்க?"

அத்தை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

எனக்கு அவள் மீது பிரியம் அதிகம். தலவாக்கலைக்கு வளையல் வாங்கப் போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். "கலர் பாத்துச் சொல்லுடி சுலக்ஷனா, எனக்குக் கண்ணு மங்குது" என்பாள். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. நாள் முழுக்கத் தொட்டில் ஆட்டுகிற எனக்கு டவுனுக்குப் போவது என்றால் திருவிழா மாதிரி. கடையில் ஒவ்வொரு வளையலாகப் போட்டுப் பார்ப்பேன், சிரிப்பேன், வாயாடுவேன். திரும்பும்போது எனக்கும் ஒரு கட்டு வளையல் வாங்கித் தருவாள்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் அத்தையின் தொழில் படுத்துவிட்டது. பொடியன்கள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். எந்தக் கோயிலில், எந்தக் கடையில் வைத்துக் காட்டுவது? தீபாவளிக்கு வருவான், இரண்டு நாளில் ஓடிவிடுவான். மிச்சப் பேர் போனிலேயே பேசித் தாங்களாகவே முடித்துக்கொண்டார்கள். அத்தை வழக்கத்தைவிட வேகமாக அலைந்தாள். அலைந்து என்ன, கை வெறுங்கைதான்.

அப்போதுதான் ஹட்டனில் நெட் கடை போட்டிருந்த தர்சனைப் பிடித்தாள். அவன் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார். பையன் கெட்டிக்காரன்.

"அன்ரி, நீங்கள் ஏன் நடந்து சாகிறியள்?" என்றானாம். "படங்களைக் கொண்டு வாங்கோ. நான் நெட்டில போட்டு விடுறன். கொழும்பில இருந்தும் பாப்பினம், துபாயில இருந்தும் பாப்பினம்."

அத்தைக்கு வாயெல்லாம் பல். வீடு வீடாகப் போய் ஸ்டூடியோ படங்களைச் சேர்த்தாள். என் அம்மா நாகலெட்சுமியும் என் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்துக்குக் கீழே பேர், வயது, தோட்டம். அதற்கும் கீழே, இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓர் எண். அந்தக் கர்மத்தைத் தர்சன் அழகுக்காகப் போட்டானாம்.

நெட்டில் ஒன்றும் வந்து விழவில்லை. எனக்கு வந்த இடம் அத்தையின் பழைய வழியில்தான் வந்தது. வட்டவளை விஜிதரன், கொழும்பில் புடவைக் கடையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தோடு வந்தார்கள். அவர் அம்மா ராசம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "அன்னைக்குத் தலவாக்கலைல இந்தப் பச்சை வளையலத்தான போட்டுப் போட்டுப் பாத்துச்சு! அதுலயே எனக்குப் புடிச்சுப் போச்சு" என்றார். அடிப்பாவி அத்தை! எனக்குத் தெரியாமலே காட்டியிருக்கிறாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

விஜிதரன் அதிகம் பேசவில்லை. போகும்போது, "பிள்ளைக எல்லாம் ஒரே நேரத்துல அழுதா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "நானும் சேந்து அழுவேன்" என்றேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமாக இருந்தது. பிடித்திருந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று.

கார்த்திகையில் ராசம்மாவிடமிருந்து அத்தைக்குப் போன் வந்தது. "கொஞ்சம் பொறுங்க, யோசிக்கணும்."

கொழும்பில் அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் நெட்டில் என் படத்தைப் பார்த்திருக்கிறார். பேசி முடித்த பெண்ணின் படம் இன்னும் அங்கே தொங்குகிறது, கீழே நூற்றுக்கணக்கில் எண் நிற்கிறது. "இத்தனை பேரு பாத்துட்டு ஒருத்தனும் வேணும்னு வரலயே, பொண்ணுகிட்ட என்னமோ இருக்கு" என்று ராசம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டு விட்டுப் போன பெண் என்றால் எங்கள் பக்கம் அவ்வளவுதான், வேறு விளக்கம் வேண்டாம்.

அத்தையின் தொழிலில் பேச்சு முடிந்தால் அவள் வாயை மூடினால் போதும், எல்லாம் மறைந்துவிடும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போட்டதை யாராவது எடுத்தால்தான் போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. தொட்டிலை நான் ஆட்டிய வேகத்தில் தூங்கின பிள்ளையும் விழித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை. ரோட்டில் பஸ் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பேன், அத்தை இறங்குகிறாளா என்று. இறங்க மாட்டாள். தினமும் வாசலில் நிற்கிறவள், தேவையான நேரத்தில் ஆளைக் காணோம். அம்மாவோ, "எல்லாம் சரியாயிரும்" என்பாள், பிறகு அடுப்படியில் மூக்கை உறிஞ்சுவாள். என் படத்தைத் தூக்கிக் கொடுத்தது யார்? எனக்கு வந்ததே ஒரு கோபம், பிள்ளைக்காம்பராவுக்கு லீவு சொல்லிவிட்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன்.

நெட் கடையில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"காட்டுங்க" என்றேன் தர்சனிடம்.

திறந்தான். ஸ்டூடியோவில் வரைந்த நீர்வீழ்ச்சிக்கு முன்னால் ரோசாப் புடவையில் ஈயென்று இளித்துக்கொண்டு நான். கீழே எண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கூடியது.

"இப்ப நீங்கள் பாத்ததும் சேந்திட்டுது" என்றான் தர்சன், ஏதோ நல்ல சேதி மாதிரி.

"யாரு யாருடா தம்பி பாத்தாங்க?" என்று கேட்டாள் அத்தை.

"அது தெரியாது அன்ரி. ஆனா கனதரம், திரும்பத் திரும்பப் பாத்தது நீங்கள்தான். டவுனுக்கு வாற நேரமெல்லாம் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து, சுலக்ஷனாவைக் காட்டு, சுலக்ஷனாவைக் காட்டு எண்டு நிண்டனீங்களெல்லோ."

உண்மைதான். அவள் பட்டியலிலேயே நான்தான் செல்லம். பெருமை தாங்காமல் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். நூறு இருநூறு என்று என்னைப் பார்த்துவிட்டு விட்டுப் போன அந்த மாப்பிள்ளைக் கூட்டம் பாதிக்கு மேல் ராக்காயி அத்தையேதான்! சிரிப்பதா, அவள் கழுத்தை நெரிப்பதா? நான் அங்கேயே நின்று அழுதேன்.

"எடுடா அத" என்றாள் அத்தை. "எல்லாப் புள்ளைகளோட படத்தையும் எடு."

குடையைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

ரயிலேறிப் போய் வட்டவளை ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்குப் பெஞ்சைக் காட்டி, "இங்கயே இரு. பொண்ணு மாப்பிள்ள வீட்டு வாசலுக்கு வரக்கூடாது" என்றாள். இருந்தேனா? எப்படி இருப்பேன்? அவள் வளைவில் திரும்பியதும் நானும் நடந்து, லயத்துக் கோடிப் பைப்படியில் மறைந்து நின்றேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

ராசம்மாதான் முதலில் ஆரம்பித்தார். "ஊரெல்லாம் பாத்துக் கழிச்ச பொண்ணத்தான் எங்க தலைல கட்டப் பாத்தீங்களா?"

"அது நெட்டுக் கணக்குங்க. நானே போய்ப் போய்ப் பாத்தது."

"நல்லாருக்கு கதை! யாரு நம்புவா?"

பிறகு அத்தையின் குரல் வந்தது. அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, ஒங்க மகனுக்கு நான் எத்தன வீடு பேசுனேன் தெரியுமா ஒங்களுக்கு?"

"என்ன, இது ஒண்ணுதான்."

"இல்லீங்க. பூண்டுலோயாவுல பேசுனேன், வேணாம்னாங்க. அகரபத்தனையில பேசுனேன், வேணாம்னாங்க. ஹட்டன்ல ஒரு வீட்டுல தம்பியப் புடிச்சிருக்குன்னாங்க, ஒங்க வாய்க்குப் பயந்துகிட்டு வேணாம்னாங்க. மாமியாகிட்டப் புள்ள சீரழியும்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரியுமா அக்கா? தெரியாது. ஏன்னா நான் சொல்லல. எந்த வீட்டுலயும் நான் சொல்றதில்ல. இப்ப அந்தப் புள்ளைய நீங்க விட்டீங்கன்னா, வாசலுக்கு வந்து வேணாம்னு சொன்ன கூட்டத்துல நீங்களும் ஒண்ணு. நான் அதுல நெறையா பட்டவ."

பக்கத்து வீட்டுக் கதவு மெல்லத் திறக்கிற சத்தம் கேட்டது.

"உள்ள வாங்க" என்றார் ராசம்மா, குரலைத் தாழ்த்தி. "வாசல்ல நின்னு கத்தாதீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம்."

நான் ஓடிப்போய் ஸ்டேஷன் பெஞ்சில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள்.

"தையிலதான். மாத்தமில்ல" என்றாள்.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை உட்கார்ந்தாள்! "போச்சுடி. இத்தன வருசம் காப்பாத்துன வாய். இன்னைக்குத் தொறந்துட்டேன். இனிமே எவ என்னைய நம்பி வீட்டுக்குள்ள விடுவா?" என்றாள். ஹட்டன் பக்கம் போகிற ரயில் வந்தது. நான் எழுந்தேன். அவள் எழவில்லை. அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில்தான் போனோம்.

பேச்சு வெளியே போகவில்லை. ராசம்மா ஏன் சொல்லப் போகிறார், அவர் வாயைப் பற்றிய பேச்சாயிற்றே. தை மாதம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. அத்தை பந்தலுக்கும் சமையலுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருந்தாள்.

நெட்டை அவள் விட்டுவிடவில்லை. பெண்கள் படம் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று தர்சனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு படம்தான், மாறுகண்ணும் சிரிப்புமாக ராக்காயி அத்தை. கீழே அவள் போன் நம்பர். துபாயிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். அவள் நடந்துகொண்டே பேசுகிறாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற கணக்கை மட்டும் எடுக்க வேண்டாம் என்றாளாம். "ஊரே என்னையப் பாக்குதுடி, இன்னும் ஒருத்தன்கூட வேணாம்னு சொல்லல" என்று கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள்.

போன வருடம் வட்டவளையில் எனக்கு வளைகாப்பு. மாமியார் ராசம்மா சும்மா சொல்லக்கூடாது, தடபுடலாகச் செய்தார். அத்தை பையோடு வந்து என் கையில் ஒவ்வொன்றாக வளையல் ஏற்றினாள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அத்தை, என்னைய எத்தன பேரு வேணாம்னாங்க?"

அவள் கை ஒரு நொடி நின்றது.

"ஒன்னையவா? ஒருத்தரும் இல்லடி. மொதல்ல பாத்தவங்களே புடிச்சுட்டாங்க."

அம்மா டயகமவிலிருந்து என் பழைய வளையல்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். மூடி திறந்தபடி பாயில் இருந்தது. ராசம்மா பார்த்த அன்றைக்கு வாங்கிய பச்சைக்கு அடியில் சிவப்பு, ஊதா, மஞ்சள், கத்தரிப்பூ, நீலம். தலவாக்கலைக்குப் போன ஒவ்வொரு முறையும், திரும்பும் வழியில் அத்தை எனக்கு வாங்கித் தந்தவை. அவள் அந்த டின்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆமா அத்தை, மொதல்ல பாத்தவங்களே" என்று சொல்லி மற்றக் கையை நீட்டினேன்.