நான்காம் பேச்சாளர்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கொஞ்ச தூரம் போவதற்குள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் நின்றுவிடுவேன். இப்படிப்பட்டவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தது யார் செய்த பாவமோ! வாய்மொழித் தேர்வு நெருங்கிய நாட்களில், நெமிலிச்சேரி வீட்டு ஹாலுக்கும் மொட்டை மாடிக்கும் இடையே நான் நடந்த நடையைப் பார்த்துவிட்டு, "கால்ல சக்கரமா கட்டியிருக்கு உனக்கு? பரீட்சைன்னா எல்லாருக்குந்தான் பயம்" என்றாள் அம்மா. பரீட்சைக்கு நான் பயப்படவில்லை. அந்த அறைக்குள் அப்பா வந்து உட்கார்ந்துவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். நான் வளர்ந்த குவார்ட்டர்ஸில் மாடியில் கோயம்புத்தூர்க்காரர், கீழே தஞ்சாவூர்க்காரர், எதிர் பிளாக்கில் சேலத்துக்காரர். இப்படிப் பல ஊரிலிருந்து வந்து ஒரே கேட் வழியாக வேலைக்குப் போனவர்களின் பேச்சு என்ன ஆனது என்பதுதான் என் ஆய்வு. ஆட்களைப் பேசவைத்துப் பதிவு செய்து, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதவேண்டும். எங்கள் துறையில் பேசியவரின் பெயரைப் போடக் கூடாது, எண்தான். அப்பா நான்காம் பேச்சாளர். இது எனக்கும் என் நெறியாளருக்கும் மட்டுமே தெரியும். அவரைப் பற்றி நான் எழுதியிருந்தது இதுதான்: சக தொழிலாளர்களின் கேலிக்கு ஆளாகித் தம் வட்டாரப் பேச்சைக் கைவிட்டவர், இன்று அவர் பேசுவது எந்த ஊருக்கும் உரியதல்லாத தமிழ். எழுதிய அன்று எனக்கு ஒரே பெருமை. பெற்ற அப்பன் முன்னால் இதைத் திரையில் போட்டுப் படிக்கவேண்டும் என்று நினைத்ததும் அந்தப் பெருமை ஓடிவிட்டது. மனுஷன் உடைந்துபோய்விடுவார்.

தேர்வு பொதுவில் நடப்பதுதான் வினை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். கடைசியில், வெளியூரிலிருந்து வந்திருக்கும் புறத்தேர்வாளர், "சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்பார். ஒருவரும் வாய் திறக்கவில்லையென்றால் மானம் போய்விடும். அதனால் நாங்களே கேள்வியை எழுதி நண்பர்கள் கையில் கொடுத்துவிடுவோம். பதில் சொன்னதும், கேட்டவர் "திருப்தி, நன்றி" என்று சொல்லிவிட்டு உட்காரவேண்டும். இந்த நாடகம் தேர்வாளர்களுக்கும் தெரியும். அவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் பட்டம் வாங்கியிருப்பார்கள்.

எங்கள் கூட்டத்தில் நான்கு பேர். பூந்தமல்லிப் பக்கம் ஒரே கல்லூரி, வேறு வேறு துறை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதே கிடையாது. அவரவர் ஆய்வுதான் பெயர்: கணக்கு, கல்வெட்டு, கொசு, நான் பேச்சு. கேன்டீனில் "பேச்சு, ஒரு டீ சொல்லு" என்று குரல் வந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கணக்கின் தேர்வில் கேள்வி கேட்டது நான்தான். அவள் எழுதிக் கொடுத்ததை ஒரு வார்த்தை புரியாமல் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். அவள் பலகையில் ஒரு வட்டம் போட்டாள், அதற்குள் இன்னொரு வட்டம் போட்டாள், அவ்வளவுதான் என்றாள். "திருப்தி, நன்றி" என்றேன். வெளியே வந்ததும் ஒரு பேராசிரியர் என்னை மடக்கி, "ரொம்ப ஆழமான கேள்விம்மா, நீங்க எங்க ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டார். விட்டால் போதும் என்று ஓடிவந்துவிட்டேன். கல்வெட்டு, திருமழிசையைச் சுற்றி உள்ள பழைய ஏரிகளுக்கும் மதகுகளுக்கும் யார் யார் தானம் கொடுத்தார்கள் என்று தேடியவர். அவருடைய தேர்வில் கேள்வி கேட்டது கணக்கு. கொசு மண்ணூர்பேட்டைக்காரி. பட்டறைகளுக்குப் பின்னால் கிடக்கும் டயரிலும் டிரம்மிலும் தேங்கிய தண்ணீரிலிருந்து புழு எடுத்து வந்து, கூண்டில் வளர்த்து, அதற்குத் தன் கையையே நீட்டுவாள். முழங்கைவரை தடிப்புத் தடிப்பாக இருக்கும். "இன்னாடி, உன் ஆராய்ச்சிக்கு வாய் இருந்தா போதும். என்னியப் பாரு, ரத்தம் குட்த்துகினு கீறேன்" என்பாள்.

இவர்களுடைய தேர்வுகளுக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு இருப்புக் கொள்ளாது. கணக்குக்கு ஒரே ஒரு விதிவிலக்கு கிடைத்தால் மொத்த வேலையும் குப்பை. கொசுவுக்குப் பாதி செத்தாலும் பரவாயில்லை, சதவீதம் போட்டுவிடுவாள். கல்வெட்டுக்குக் கல் உடைந்து பாதி வரி காணாமல் போயிருந்தாலும் ஆதாரம் ஆதாரம்தான். அவரவர் கையில் காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. என்னிடம் என்ன இருந்தது? சில ஆட்கள் டீ குடித்துக்கொண்டு பேசிய பேச்சு. "ஒரு ஆள் பேசினதை வெச்சு நீ என்னத்த நிரூபிப்பே?" என்று கணக்கு ஒருநாள் கேட்டேவிட்டாள். அவளோடு அன்றைக்குச் சண்டை. அன்று முழுக்கத் துறையை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். எனக்குப் பொறாமை, வேறொன்றும் இல்லை.

என் கேள்வியைக் கொசுவிடம் கொடுத்திருந்தேன். நெறியாளர் சொல்லித்தான் அதை எழுதினேன். "உன் ஆய்வேட்டிலயே பலமான இடம் நாலாம் பேச்சாளர்தான். அதைச் சபையிலருந்து கேட்கவெச்சு நல்லா பதில் சொல்லு" என்றார். கேள்விக்கும் பதிலுக்கும் அவரே திருத்தம் போட்டுக் கொடுத்தார். அப்பாவை வரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"எல்லாம் இங்கிலீஷ்ல பேசுவாங்கப்பா. ஏ.சி. வேற, உங்களுக்கு ஒத்துக்காது" என்றேன்.

"அப்டியா பாப்பா? சரி சரி" என்று தலையாட்டினார். ஒரேயடியாகச் சம்மதித்துவிட்டாரே என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். தேர்வன்று நான் கல்லூரி வாசலில் இறங்கும்போது அம்மாவின் போன். "உங்கப்பா சட்டையத் தேய்ச்சு வாங்கிட்டு வந்து, போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாருடி. உன்கிட்ட சொல்லக் கூடாதாம்."

மேடையில் நின்று நான் பேச ஆரம்பித்த சற்று நேரத்தில் கதவு திறந்தது. கொசு உள்ளே வந்தாள், அவளுக்குப் பின்னால் அப்பா. வெள்ளைச் சட்டை, கையில் மடித்த குடை. இருவரும் பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். நான்காம் பேச்சாளர் திரையில் வந்தபோது, "இதைக் கேள்வி நேரத்தில் பார்க்கலாம்" என்று சொல்லித் தள்ளிவிட்டேன். நெறியாளர் முறைத்தார். முறைத்துக்கொள்ளட்டும் என்று அடுத்ததற்குப் போனேன்.

நான் முடிக்கும் நேரத்தில் கொசுவின் போன் வெளிச்சம் அடித்தது. அவள் குனிந்து பேசினாள், பதறி எழுந்தாள், கையிலிருந்த தாளை அப்பாவின் மடியில் வைத்து அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். அட பாவி! அந்தத் தாள் அல்லவா! மேடையிலிருந்து இறங்கிப் போய்ப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு கேட்டபோது அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "லேப்ல கரண்டு பூடுச்சின்னு போன் வந்துச்சு. கூண்டுல எல்லாம் பறக்க ஆரம்பிக்கிற நேரம்டி, வுட்டா மொத்தமும் பூடும். உங்க நைனா சும்மாத்தான குந்திகினு இருந்தாரு, கேளுங்க நைனான்னு குட்த்துட்டேன். இன்னா இப்போ?" அவளைத் திட்ட முடியவில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் யார் என்பதை அவளிடமிருந்தும் மறைத்தவள் நான்தானே.

"சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் புறத்தேர்வாளர்.

அப்பா எழுந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தாளைத் தள்ளிப் பிடித்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். "நான்காம் பேச்சாளர் தம் வட்டாரப் பேச்சை முற்றாகக் கைவிட்டதற்கு முதன்மைக் காரணமாக ஆய்வாளர் எதைக் கருதுகிறார்?" வாசித்துவிட்டு, சரியாகக் கேட்டுவிட்டோமா என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பதில் தயாராக இருந்தது. சொல்லாமல் நின்றால் பட்டம் போய்விடும். சொன்னேன். "திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவர். லேத் பிரிவில் சேர்ந்தவர்." அப்பாவின் தலை நிமிர்ந்தது. சிரிப்பு போய்விட்டது. "சேர்ந்த புதிதில் உடன் வேலை செய்தவர்கள் அவர் பேச்சைக் கேலி செய்தார்கள். அந்த அவமானம்தான் முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்." எந்த ஊருக்கும் உரியதல்லாத தமிழ் என்ற வரியும் அந்தப் பதிலில் இருந்தது. அதையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அப்பா உட்காரவில்லை.

"பதில் திருப்தியா சார்?" என்றார் புறத்தேர்வாளர்.

"கேலி பண்ணாங்க, அது நெசம் சார்" என்றார் அப்பா. "அந்த நாலாம் ஆளு நாந்தான். அங்க நிக்குறது என் பொண்ணு. ஃபேக்டரியில எல்லாரும் எல்லாரையும் கேலி பண்ணுவோம், அதுக்கெல்லாம் யாராவது பேச்சை விடுவாங்களா? நானும் கோயமுத்தூர்க்காரனைப் பண்ணேன்."

சபையில் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"இந்தப் புள்ளைய எல்.கே.ஜி.யில சேர்த்த புதுசு. மிஸ்ஸுகிட்ட 'அங்கன கெடக்கு'ன்னு சொல்லியிருக்கு. கூட இருந்த புள்ளைங்க எல்லாம் சிரிச்சிடுச்சுங்க. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. சோறு திங்கல, தேம்பித் தேம்பியே தூங்கிடுச்சு. என் வாயிலருந்துதானே சார் அது வாய்க்குப் போச்சு? அன்னைக்கோட விட்டுட்டேன்."

புறத்தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "இது ஆய்வேட்டில் இருக்காம்மா?"

"இல்லை சார். தொழிற்சாலையைப் பற்றி மட்டுந்தான் கேட்டேன். வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூட வைக்கலை."

"நீங்க ஏன் சார் இவங்ககிட்ட சொல்லலை?"

"புள்ள படிப்புக்குக் கேக்குது, கேட்டதுக்குப் பதில் சொல்லுவோம்னு சொன்னேன் சார்" என்றார் அப்பா. பிறகு, கொசு காதில் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தவராக, "திருப்தி, நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பட்டம் கொடுத்துவிட்டார்கள், ஒரு திருத்தத்தோடு. நான்காம் பேச்சாளரைப் பற்றிய பத்தியை மாற்றி எழுதித் தரவேண்டும். அதற்காக அப்பாவிடம் மறுபடியும் கேட்டேன். எந்த மிஸ், யார் யார் சிரித்தார்கள், நான் என்ன சொல்லி அழுதேன்? "அதெல்லாம் இப்ப எதுக்கு பாப்பா" என்று டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். பத்தியை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மனுஷன் தன் பேச்சையே விட்டுக்கொடுக்கக் காரணமான அந்த அழுகை எனக்குத் துளிகூட ஞாபகம் இல்லை.