கிரெனடாவுக்குக் கட்டிய ஏலக்கன்று

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்தப் பயணத்தில் அதுதான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

போடியில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறேன். கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடா தீவுக்கு ஒன்பது பேரைக் கூட்டிப்போக ஏற்பாடு. எல்லாரும் ஏலக்காய்த் தோட்டக்காரர்கள். ஒரு வாரம் முன்பே ஆபீசில் உட்காரவைத்துத் தீவைப் பற்றிச் சொன்னேன். எரிமலை எழுப்பிய மலை, அதன் பழைய வாய்க்குள் ஓர் ஏரி, தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய்ப் படம். கடைக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம். சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள். மலையில் நாம் கடச்சக்கை என்கிறோமே, அந்தச் சீமைப்பலாவையும் உப்புக்கண்டத்தையும் தேங்காய்ப்பாலில் ஒரே பானையில் வேகவைத்துக் கூடிச் சாப்பிடுவார்கள்.

"நம்ம மலை மாதிரியே நிழலு, மழை, மஞ்சு எல்லாம் இருக்கு. ஏலத்தோட்டம் ஒண்ணுதான் நான் பாக்கல" என்று முடித்தேன். அந்தக் கடைசிப் பேச்சை விழுங்கித் தொலைத்திருக்கலாம்.

ஒன்பது பேரில் ஒருவர் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர். அவருடைய மகள் அந்தத் தீவில் நர்ஸ். பார்த்து ஆறு வருடமாகிறது. பேரனைப் போனில்தான் பார்த்திருக்கிறார்.

கிளம்பிய அன்று வேன் போடிமெட்டுக்கு ஏறும்போது ஒரு வளைவில் அவர் பை சரிந்தது. ஜிப் ஓரமாக ஈரமண் உதிர்ந்தது. மெட்டில் டீக்கு நிறுத்தியதும் பையைத் திறக்கச் சொன்னேன். வேட்டிக்குள் ஈரச்சாக்கு, சாக்குக்குள் கிழங்கும் மண்ணுமாக ஏலக்கன்று.

"என்னண்ணே இது?"

"நீதானப்பா அங்க ஏலம் இல்லேன்ன. அம்புட்டு மலைய வச்சுக்கிட்டு ஏலம் இல்லாம எப்பிடி? மககிட்டச் சொன்னேன். கொண்டாங்கப்பா, வீட்டுக்குப் பின்னால வைப்போம்னா."

"மண்ணோட செடியப் பாத்தா அங்க ஏர்போர்ட்லயே நிறுத்திருவாங்க. திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க. மகளப் பாக்க வேணாமா?" கத்தியே விட்டேன்.

அவர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "ஒரு கன்னுல என்னய்யா கெட்டுப்போகுது? ஒன் சோலியப் பாரு."

டிரைவர் ஹாரன் அடித்தார். கொச்சியில் விமானம் நமக்காகக் காத்திருக்காது. மனிதரை இங்கேயே இறக்கிவிடவா முடியும்? கோபத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"ஒங்க தோட்டத்துக்கு நோய் எப்பிடிண்ணே வந்துச்சு?"

வேனில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆசைப்பட்டு வேறு மலையிலிருந்து வாங்கிவந்த கன்றோடு வந்தது. இரண்டு ஏக்கரைத் தன் கையாலேயே பிடுங்கித் தீ வைத்தவர் அவர்.

கேட்ட எனக்கே குத்தியது. "அங்க ஒரு புயல்ல ஜாதிக்கா மரமெல்லாம் சாஞ்சுபோச்சுண்ணே. திரும்ப வச்சு, பல வருஷம் காத்துக் கெடந்தாங்க. இப்ப நம்ம மண்ணோட ஒரு நோயும் போய் எறங்கணுமா?" என்றேன், குரலைத் தணித்து.

அவர் கன்றை எடுத்துப்போய் டீக்கடைக்காரரிடம் கொடுத்தார். பிறகு குழாயடியில் உட்கார்ந்து, செருப்பின் அடியைக் குச்சியால் நோண்டி நோண்டிக் கழுவினார்.

"இதுலயும் தோட்டத்து மண்ணு இருக்குமில்ல?"

அப்போது மகளிடமிருந்து போன் வந்தது. அவர் கை ஈரமாக இருந்ததால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

"அப்பா, கன்னு பத்திரமா இருக்கா?"

"கன்னு வரல ஆத்தா" என்றார். செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நான் மட்டுந்தான் வர்றேன்."