டொக்காயில் நான் எறிந்த முந்திரிகை

முந்திரிகையைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் எடுக்க வந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்தியத் தமிழர் திராட்சை என்று சொல்வதைத்தான் நாங்கள் முந்திரிகை என்கிறோம். கனடாவில், மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு பழக்கடையில் வருடக்கணக்காக நின்றவள் நான். பெட்டி வந்து இறங்கியதும் திறந்து, குலையைத் தூக்கிப் பிடித்து, சுருங்கினது, அழுகினது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் விரலால் தட்டி எறிந்துவிட்டு, நல்லதை மட்டும் அடுக்குவது என் வேலை. கடை முதலாளி ஓர் இத்தாலியர். மற்றவர்கள் தெரிந்தெடுத்து வைத்த பெட்டியைக் கிளறிக் கிளறிப் பார்ப்பார். என் கை பட்ட பெட்டியைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏன் சொல்லக் கூடாது?

என் மகனுக்கு மட்டும் அந்தப் பெருமை கிடையாது. வில்லரேயில் எங்கள் வீட்டிலிருந்து சந்தைக்கு நடந்தே போய்விடலாம். அவன் அந்த வீட்டில்தான் வளர்ந்தான். படித்துப் பொறியியலாளராகி பியர்பொன்ட்ஸில் சொந்த வீடும் வாங்கினான். ஆனால் நான் நிற்கும் கடைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கேட்டால், "உங்கை கார் விட இடம் கிடைக்காதம்மா" என்பான். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவன் விரும்பிய பெண் ஹங்கேரிக்காரி. மொன்றியலுக்குப் படிக்க வந்து, இங்கேயே வேலையும் எடுத்துத் தங்கிவிட்டவள். அவர்களும் கத்தோலிக்கர் என்றதும் என் கணவர் பாதிச் சம்மதம் கொடுத்துவிட்டார். பெண்ணின் தகப்பனுக்கு டொக்காய் மலைச்சரிவில் முந்திரிகைத் தோட்டமும் சொந்தமாக வைன் நிலவறையும் இருக்கின்றன என்றதும் மீதியையும் கொடுத்துவிட்டார். "இஞ்சாரும், இதைவிட நல்ல சம்பந்தம் எங்கை கிடைக்கப் போகுது?" என்று அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. தாயில்லாப் பெண் அவள். கலியாணத்துக்கு முந்தி இரண்டு வீட்டாரும் முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று பெண்ணின் தகப்பன் ஒக்டோபர் கடைசியில், அறுவடை நேரத்தில், எங்களை வரச் சொன்னார். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? பயற்றம் பணியாரம், முறுக்கு, சிப்பிப் பலகாரம் எல்லாம் சுட்டுப் பெட்டியை நிறைத்தேன். மூலையில் ஒரு போத்தல் வறுத்த மிளகாய்த்தூளும் போனது. அது இல்லாமல் நான் எந்த நாட்டுக்கும் போவதில்லை.

புடாபெஸ்ட்டில் இறங்கி, பாலங்களைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, ரயிலில் டொக்காய்க்குப் போனோம். இரண்டு ஆறுகள் சேரும் சின்ன ஊர். மின்கம்பங்களின் உச்சியில் நாரைக்கூடுகள் வெறுமையாக இருந்தன. அவை குளிருக்குப் பயந்து ஆபிரிக்காவுக்குப் போய்விட்டனவாம். புத்தியுள்ள பறவைகள்.

அன்று பின்னேரம் சம்பந்தி எங்களை நிலவறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். மலையைக் குடைந்து வெட்டிய நீளமான சுரங்கம். சுவர் முழுக்கக் கம்பளி போர்த்தின மாதிரிக் கறுப்புப் பூஞ்சணம். ஒரு வாளி தண்ணீரும் ஒரு தும்புக்கட்டையும் தந்தால் ஒரு மணித்தியாலத்தில் சுத்தமாக்கிவிடுவேன் என்று என் கை துருதுருத்தது. அந்தப் பூஞ்சணம்தான் நிலவறையின் ஈரத்தைக் காப்பாற்றுகிறது, அதில் ஒருவரும் கை வைப்பதில்லை என்று பெண் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினாள். எனக்கென்ன, அவர்கள் வீடு.

கண்ணாடிக் குழாயால் பீப்பாயிலிருந்து உறிஞ்சி எடுத்து ஊற்றித் தந்தார். பொன் நிறம். எனக்குத் தெரிந்த வைன் எல்லாம் சுவாமியார் பூசையில் தூக்கிப் பிடிப்பதுதான். இது தேன் போல இறங்கி, கடைசியில் ஒரு புளிப்பு வந்து நாக்கைத் தட்டி எழுப்பியது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "இவ்வளவு காலமும் நான் குடிச்சதெல்லாம் என்ன கோதாரி?" என்றார்.

அப்போதுதான் சம்பந்தி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பெண் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். "மாமி, உங்கள் கம்பனி எந்தெந்த நாடுகளிலிருந்து பழம் இறக்குமதி செய்கிறது என்று அப்பா கேட்கிறார்."

என் கம்பனியா? நான் மகனைப் பார்த்தேன். அவன் தன் கிளாசுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை, பிள்ளையைக் காட்டிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. "கூடுதலாகச் சிலி, கலிபோர்னியா" என்றேன். நான் திறக்கும் பெட்டிகளில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "என்னடா சொல்லி வைச்சிருக்கிறாய்?"

"பழ வியாபாரம் எண்டு மட்டும்தான் அம்மா சொன்னனான். அவை தாங்களா பெரிய கம்பனி எண்டு நினைச்சிட்டினம்."

"நீ திருத்தேல்லை. அந்தப் பிள்ளைக்கும் சொல்லேல்லை."

"இந்த ஒரு கிழமை மட்டும் பேசாமல் இருங்கோ அம்மா. பேந்து நானே சொல்லுறன்."

"விடும். பிள்ளையின்ரை கலியாண விசயம்" என்றார் என் கணவர். நானும் விட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. மறைத்து வைக்கும் அளவுக்கு நான் என்ன களவா எடுத்தேன்? பெற்ற பிள்ளை பழக்கடையில் நிற்கும் என்னைத் தாய் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லக் கூசுகிறான் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். அவன் தன் வாயால் என் வேலையைச் சொல்லுவானா, மாட்டானா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவே இல்லை.

அடுத்த நாள் காலை தோட்டத்துக்குப் போனோம். ஆற்றிலிருந்து எழும்பிய புகார் வெள்ளைப் பனிமூட்டமாக மலையை மூடியிருந்தது. ஊர்ச்சனம் கொஞ்சப் பேர் அறுவடைக்கு வந்திருந்தார்கள். எனக்கும் ஆசைக்கு ஒரு வாளி தந்தார்கள். பெண் பக்கத்தில் வந்து, "மாமி, எதைப் பறிக்க வேண்டும் என்றால்..." என்று தொடங்கினாள்.

"எனக்கோ பிள்ளை முந்திரிகை காட்டித் தாறாய்?" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நிரைக்குள் இறங்கினேன்.

ஐயோ பாவம், என்ன கேவலமான விளைச்சல்! ஒவ்வொரு குலையிலும் பாதிக்கு மேல் சுருங்கி, மண்ணிறமாகி, சாம்பல் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. மனுசன் எங்களுக்கு விருந்து வைக்கிறாரே, இந்த வருடம் தலையில் கைவைக்கப் போகிறாரே என்று மனம் இரங்கியது. என்னால் ஆன உதவி என்று இரண்டு கையாலும் வேலையைத் தொடங்கினேன். அழுகல் நிலத்துக்கு, நல்லது வாளிக்கு. கை தன்பாட்டில் ஓடியது. நிரையில் பாதி முடித்து நிமிர்ந்தபோது சம்பந்தி பின்னால் நின்றார். ஏதோ சத்தம் போட்டுவிட்டு முழந்தாளிட்டு, நிலத்தில் கிடந்த சுருங்கல்களைக் கை நிறைய அள்ளினார். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பெண் சொன்ன பிறகுதான் விளங்கியது. அந்த ஊரின் சொத்தே அந்தச் சுருங்கல்தான். ஆற்றுப் புகார் பூஞ்சணத்தைக் கொண்டுவரும், பூஞ்சணம் பழத்தின் தண்ணீரை இழுத்து இனிப்பை இறுக்கும், அந்தப் பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் முந்தின நாள் நாங்கள் குடித்த பொன் நிற வைனைச் செய்கிறார்கள். அதையெல்லாம் மண்ணில் எறிந்துவிட்டு, சாதாரணத்தை வாளியில் சேர்த்து வைத்திருக்கிறேன்!

சம்பந்தி என் வாளியைக் கிளறினார். பழுது ஒன்றுகூட இல்லை. என் கைகளைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"இவ்வளவு வேகத்தை எங்கே பழகினீர்கள் என்று கேட்கிறார்" என்றாள் பெண்.

என் மகன் இடையில் புகுந்தான். அம்மாவுக்கு வீட்டில் தோட்டம் செய்வது பொழுதுபோக்கு என்று அவளுக்குப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினான். இத்தனை வருடம் சந்தையில் நின்ற எனக்குப் பிரெஞ்சு விளங்காதா?

"வாயை மூடு தம்பி!" என்றேன். பிறகு பெண்ணைப் பார்த்து, வாடிக்கையாளரோடு கதைக்கும் என் சந்தைப் பிரெஞ்சிலேயே சொன்னேன். "எனக்குக் கம்பனி இல்லை. ஜான்-டலோனில் ஒரு கடையில் பழம் தெரிந்தெடுக்கிறேன். அழுகினதை எறிவதுதான் என் வேலை. அதில் என்னை வெல்ல ஆள் இல்லை. இன்றைக்கு மட்டும் பிழை விட்டுவிட்டேன். அப்பாவிடம் அப்படியே சொல்லு."

அவள் என் மகனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சொன்னாள். சம்பந்தி கேட்டு முடித்து, வயிறு குலுங்கச் சிரித்தார். நக்கல் சிரிப்பு இல்லை, அது எனக்குத் தெரியும். "எறிவதை வாளியில் போடுங்கள், வாளியில் போடுவதைக் கொடியில் விடுங்கள். வேகத்தை மட்டும் மாற்ற வேண்டாம்" என்றாராம்.

மத்தியானம் மூன்று கம்பிக் காலில் தொங்கிய கிடாரத்தில் மாட்டிறைச்சிக் குழம்பு கொதித்தது. பார்க்கச் செக்கச்செவேலென்று இருந்தது, உறைப்பைக் காணவில்லை. என் தூளில் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுத்தேன். சம்பந்தி கண்ணீர் வழிய வழிய இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பின்னேரம் எல்லாருக்கும் முந்தி என் வாளிதான் நிறைந்தது. சுருங்கல் மட்டும், ஒரு நல்ல பழம் கலக்காமல். ஊர்ச்சனம் வந்து வந்து எட்டிப் பார்த்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

என் மகன் மட்டும் நான் எறிந்தவற்றை நிரை நிரையாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். என்னோடு கதைக்கவில்லை. திரும்பும் விமானத்தில் நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மொன்றியலுக்கு வந்தபிறகும் போன் எடுத்தால் தகப்பனோடு மட்டும் கதைப்பான். உண்மையைச் சொன்னது நான்தான், அவன் இல்லையே. அது எனக்குள் கிடந்து அரித்தது.

அடுத்த கோடையில் கலியாணம். சம்பந்தி முதல் தரம் மொன்றியலுக்கு வந்தார். சனிக்கிழமை சந்தையில் கால் வைக்க இடமிருக்காது, அதனால் நான் லீவு எடுக்கவில்லை. மகன் அவரை மலையில் இருக்கும் சூசையப்பர் கோவிலைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிறான் என்று என் கணவர் சொல்லியிருந்தார். நான் ஏப்ரன் கட்டி, கையுறை போட்டு, செர்ரிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து நல்லதைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா!"

சந்தையின் அந்தத் தொங்கலிலிருந்து ஒரு சத்தம். நிரையில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. என் மகன்தான். கூடவே சம்பந்தி, பெண், கலியாணத்துக்கு அழைத்திருந்த அவனுடைய அலுவலகச் சிநேகிதர்கள். சனத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வாங்குகிறவர்கள் நிற்கும் பக்கம் நிற்காமல், மேசையைச் சுற்றி உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று, செர்ரிச் சாறு படிந்த ஏப்ரனோடு என்னைச் சேர்த்து அணைத்தான். "இதுதான் என் அம்மா. இந்தச் சந்தையில் இவவைப் போலப் பழம் தெரிந்தெடுக்க ஒருவருக்கும் தெரியாது" என்று பிரெஞ்சில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்.

கையுறையைக் கழற்றி, அவன் சட்டையில் பட்ட செர்ரிச் சாற்றைத் துடைத்தேன். சந்தோசத்தை வெளியில் காட்ட முடியுமா? "கத்தாதை மோனை, சனம் பாக்குது" என்றேன்.

"பாக்கட்டும் அம்மா" என்றான்.