கட்டையைக் கடித்த கரடி

நோலா பெர்சியருக்கு ஆட்களோடு பழகுவதைவிட நாற்காலிகளோடு பழகுவது எளிது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், மரமறுக்கும் ஆலையின் சமையற்கட்டில் வேலை பார்த்தாள். ஆலை மூடியதும் வீட்டுக் கொட்டகையிலேயே பழைய மரச் சாமான்களைப் புதுப்பிக்கத் தொடங்கினாள். அமெரிக்காவின் மொன்டானாவில், பிளாக்ஃபுட் ஆற்றோரம் இருக்கிற பண்ணைகளில் அவள் கை படாத மேசை குறைவு. ஒரு நாற்காலியின் எந்தக் கை அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதில் உட்கார்ந்தவர் எந்தப் பக்கம் சாய்ந்து யாரோடு பேசியிருப்பார் என்று தனக்குள் யோசித்துக்கொண்டிருப்பாள். வெளியே சொல்லமாட்டாள்.

நவம்பர் பனியில் எல்மர் ஸ்டென்ரட் ஒரு கம்பளியைச் சுற்றிக் கொண்டுவந்தது நாற்காலி இல்லை. அவருடைய அப்பா நில்ஸ் வைத்திருந்த, லீவரை இழுத்துச் சுடுகிற பழைய துப்பாக்கி. பின்னாலேயே அவர் மனைவி ஐடாவும் கையில் பையோடு வந்தாள்.

"மாமா, நான் துப்பாக்கியெல்லாம் தொட்டதில்லையே" என்றாள் நோலா. அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் அவர் எல்மர் மாமாதான்.

"மரம் மரந்தானேம்மா. குழல் துருப்பிடிக்காம நீலப் பூச்சு போட டவுன்ல ஆளு இருக்கான். நீ இந்தப் பின்பக்கக் கட்டையை நல்லா தேச்சு வார்னிஷ் அடி. ஆனா கரடி கடிச்ச இந்தப் பல்லுத் தடத்தை மட்டும் தொட்டுடாத. கறுப்புச் சாயம் ஏத்தி எடுப்பா காட்டு. சனிக்கிழமை வேட்டைக்காரங்க விருந்து. மண்டபத்துல மாட்டப் போறோம். கரடி ஆராய்ச்சி பண்றவர் ஒருத்தர் வர்றாராம், அவருக்குக் காட்டணும்."

"அந்தக் கரடி வருசத்துக்கு ஒரு சாண் வளருது" என்றாள் ஐடா. "எங்க கல்யாணத்தப்ப இவ்வளவுதான் இருந்துச்சு."

"நீ சும்மா இரு. தோட்டா தீந்துபோச்சு, எங்கப்பா கட்டையைக் கரடி வாயிலயே திணிச்சாரு. பயம்னா என்னன்னே தெரியாத மனுசன்."

அவர்கள் போனதும் நோலா துப்பாக்கியைச் சன்னலோரம் வைத்தாள். இரும்பின் நீலம் போய் அடிப்பக்கம் வெள்ளிபோல் மின்னியது. ஒரு கை அங்கேதான் பிடித்து மலையெல்லாம் சுமந்திருக்க வேண்டும். அதைப் போய்ப் பூச்சுக்குள் மறைப்பானேன் என்று தோன்றியது. பிறகு பல் தடத்துக்கு வந்தாள்.

கரடிப் பல் என்றால் குழி விழும் என்று எண்ணியிருந்தாள். இங்கே குழி ஒன்றுகூட இல்லை. சின்ன உளியால் செதுக்கியதுபோல, இரண்டு இரண்டாக, பக்கத்தில் பக்கத்தில் ஓடிய வரிகள். அதுவும் கன்னம் பதிகிற இடத்திலும் உள்ளங்கை பிடிக்கிற இடத்திலும் மட்டும். கோபத்தில் கடிக்கிற மிருகம் வியர்வை பட்ட இடமாகப் பார்த்தா கடிக்கும்?

இதே வரிகளை எங்கோ பார்த்திருக்கிறாள். கையில் உப்புத்தாளை வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். காட்டுக் குடிசையின் கழிப்பறைப் பலகை! வியர்வையின் உப்புக்காக முள்ளம்பன்றி ராவிப்போட்ட பலகை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே சனிக்கிழமை விருந்து நினைவுக்கு வந்தது. சாயம் ஏற்றிக் கொடுத்தால் ஊரே கூடியிருக்கிற மண்டபத்தில் அந்தக் கரடி ஆராய்ச்சிக்காரர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். தேய்த்து அழித்துவிட்டால் மாமா இவள் முகத்தில் விழிக்கமாட்டார். சொல்லலாம் என்றால், அறுபது வருடமாகச் சொல்லிவரும் கதையை, கழிப்பறைப் பலகையைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மறுநாள் எல்மரே எட்டிப் பார்த்தார். "ஆரம்பிச்சாச்சா?"

"இல்ல மாமா." நோலா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "உங்க வீட்டுல... ராத்திரி வெளிய கிடந்த பழைய கோடரி ஏதாவது இருக்கா?"

எல்மரின் முகம் மாறியது. "அது எதுக்கு உனக்கு?"

"பாக்கணும்."

"ஒண்ணு இருக்கு. ஒம்போது வயசுல மறந்துபோய் விறகுகிட்ட விட்டுட்டேன். முள்ளம்பன்றி பிடியைத் தின்னுடுச்சு. எங்கப்பா பெல்ட்டைக் கழட்டிட்டாரு. 'சாமானை வெளிய போட்டுட்டுத் தூங்குறவன் மனுசனா'ன்னு கேட்டாரு. சாகுற வரைக்கும் கேட்டாரு. தூக்கியெறிய மனசு வரல, வச்சிருக்கேன்."

மதியம் ஐடாவோடு கோடரியைக் கொண்டுவந்தார். நோலா துப்பாக்கிக் கட்டைக்குப் பக்கத்தில் கோடரிப் பிடியை வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

எல்மர் குனிந்தார். கட்டையைப் பார்த்தார். பிடியைப் பார்த்தார். மறுபடி கட்டை. கட்டைவிரல் நகத்தால் இரண்டு வரிகளையும் அளந்து பார்த்தார். நோலா தன் காலணியைப் பார்த்தபடி நின்றாள்.

"ஐடா" என்றார் கடைசியில். "எங்கப்பா தூங்கியிருக்காரு."

"என்ன?"

"துப்பாக்கியை மரத்துல சாத்திட்டுத் தூங்கியிருக்காருடி! என்னை மாதிரியே!"

தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நோலா பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். "அந்த பெல்ட்டு! எனக்கு விழுந்த அடியில பாதி அவருக்குச் சேரவேண்டியது!"

"முள்ளம்பன்றி வாயிலயும் கட்டையைத் திணிச்சேன்னு சொல்லாம விட்டாரே, அதுவரைக்கும் நல்லது" என்றாள் ஐடா.

சிரிப்பு அடங்கியதும் எல்மர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளியாய்த் தேய்ந்த அடிப்பக்கத்தை விரலால் தடவினார். "பூச்சும் வேணாம், சாயமும் வேணாம். நீ என்ன சொல்ற?"

"துருவை மட்டும் எடுத்துட்டு, ஆளிவிதை எண்ணெய் தேச்சா போதும் மாமா. மத்ததெல்லாம் அவங்கவங்க கை பட்டது."

"பல்லும் பட்டது" என்றாள் ஐடா.

"சனிக்கிழமை என்ன சொல்லுவீங்க?" நோலா கேட்டாள். அவளாக ஒரு கேள்வி கேட்பது அபூர்வம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"மொதல்ல கரடியை அவுத்து விடுவேன். எல்லாரும் வாயைப் பொளந்தப்புறம் இதை எடுத்து மேசையில வைப்பேன்." கோடரியை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுக்கும் சேத்து எண்ணெய் போட்டு வை. ரெண்டையும் ஒரே ஆணியில மாட்டப் போறேன்."